கமரா விட்டுப் பார்ப்பதா, கழுவுவதா, ஸ்கானோடு நிறுத்துவதா?

"கமரா விட்டுப் பாக்கப் போகினமாம்" என்று கிளினிக்கால் வந்த ஒருத்தி முற்றத்தில் நின்று சொன்னால் போதும், வேலிக்கு அங்காலும் இங்காலும் இருந்து மூன்று அபிப்பிராயம் வந்துவிடும். "அதெல்லாம் வேண்டாம், ஒருக்காக் கழுவினால் சரிவரும்." "யாழ்ப்பாணம் போய் நல்ல ஸ்கான் ஒண்டு எடுங்கோ." "பிள்ளையள் பெத்தாச்சுத்தானே அக்கா, பேசாமல் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்லுங்கோ." எல்லாம் அக்கறையில் வருகிற பேச்சுத்தான். அவளுக்கு என்ன பிரச்சினை, டொக்டர் எதைத் தேடுகிறார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

என் பக்கத்தை முதலே சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பையின் உட்பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று ஸ்கானில் சந்தேகம் வந்தால், கண்ணால் பார்ப்பதற்கு ஈடான வழி வேறில்லை. உட்படையைச் சுரண்டி எடுக்கிற வெறும் கழுவல் அதற்குப் போதாது. அதே நேரம், ஒழுங்கான ஸ்கான் ஒன்று எடுக்காமல் கமராவுக்கு ஓடவும் தேவையில்லை. வன்னியில் இருந்து போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டு வைக்கவேண்டும்: பார்க்கிற இடத்தில், பார்த்த கையோடு கண்டதை எடுக்கவும் வசதி இருக்கிறதா?

ஹிஸ்டெரோஸ்கோபி என்கிற அந்தக் 'கமரா' உண்மையில் 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை தடிப்புள்ள ஒரு மெல்லிய குழாய். யோனி வழியாகப் போய், கர்ப்பப்பைக் கழுத்தைக் கடந்து உள்ளே செல்கிறது. வெட்டு இல்லை, தையல் இல்லை. கர்ப்பப்பையின் முன்சுவரும் பின்சுவரும் சாதாரணமாக ஒன்றோடொன்று ஒட்டித்தான் கிடக்கும். ஆகவே சேலைனை மெதுவாக விட்டு அந்த இடைவெளியை விரிக்கிறார்கள். இளஞ்சிவப்புச் சுவரும், மேலே இரண்டு மூலைகளில் கருக்குழாய்களின் சின்ன வாய்களும் திரையில் தெரியும். பொலிப் என்கிற சதை வளர்ச்சி இருந்தால் அது அந்தத் தண்ணீருக்குள் அசைந்து ஆடும். உட்பக்கம் தள்ளி நிற்கும் நார்க்கட்டி ஆடாது. வெளிறிப்போய், மேலே இரத்தக் குழாய்கள் ஓட, புடைத்து நிற்கும். பிறவியிலேயே நடுவில் தடுப்புச்சுவர் இருப்பது, பழைய கழுவலால் சுவர்கள் ஒட்டிப்போயிருப்பது, நூல் காணாமல் போன கருத்தடை லூப், கரு கலைந்தபின் மிஞ்சிய துண்டு, எல்லாம் நேரே தெரியும். வெறுமனே பார்ப்பதற்கு 5, 10 நிமிடம் போதும்.

இது புதுசாக வந்த வெளிநாட்டுச் சோதனை என்று நினைக்கவேண்டாம். 1869இலேயே பந்தலெயோனி என்ற இத்தாலிய மருத்துவர், மாதவிடாய் நின்றபின் இரத்தம் போன 60 வயதுப் பெண் ஒருவரின் கர்ப்பப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்துப் பொலிப்பைக் கண்டிருக்கிறார். இன்றைக்கும் இந்தச் சோதனையைக் கேட்கும் முக்கியமான காரணங்களில் அதுவும் ஒன்று.

இது காட்டாததையும் தெரிந்துகொள்ளவேண்டும். கர்ப்பப்பையின் தசைச்சுவருக்குள் புதைந்திருக்கிற கட்டி இதில் தெரியாது. சூலகம் தெரியாது. கருக்குழாயின் வாய் தெரியும், உள்ளே அடைப்பு இருக்கிறதா என்பது தெரியாது. உட்படை போன்ற சதை கர்ப்பப்பைக்கு வெளியே வளர்கிற எண்டோமெற்றியோசிஸும் தெரியாது. அதேபோல, சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதில் செய்கிற கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனை நல்லதென்று வந்ததால் கர்ப்பப்பையும் நல்லது என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். அந்தப் பரிசோதனை கழுத்துப் பகுதியை மட்டும்தான் பார்க்கிறது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்தபிறகு ஒரு துளி பட்டாலும் அதைக் காட்டவேண்டும், பழைய ரிப்போர்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி.

இனி ஸ்கான். வயிற்றின் மேலால் எடுப்பதும் யோனி வழியாக எடுப்பதும் ஒன்றல்ல. திருமணமாகாத பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சலப்பை நிரப்பி மேலாலேயே எடுப்பார்கள், அது சரி. மற்றவர்களுக்குக் கர்ப்பப்பையின் உட்படை பற்றிய சந்தேகம் என்றால் யோனி வழி ஸ்கான்தான் தெளிவு. வெட்கத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தெளிவில்லாத ஸ்கானைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ஆஸ்பத்திரிக்கு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். மாதவிடாய் நின்ற ஒருவருக்கு இரத்தம் பட்டு, யோனி வழி ஸ்கானில் உட்படை 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவு என்று தெளிவாக வந்தால், புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. அங்கேயே பலருக்கு விஷயம் முடிந்துவிடும், திரும்பவும் இரத்தம் பட்டால் மட்டும் மேலே போகலாம். 4ஐத் தாண்டினால் உட்படையில் இருந்து துண்டு எடுத்துப் பார்க்கவேண்டும். மார்புப் புற்றுநோய்க்கு டமொக்சிஃபென் குடிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்குச் சரிவராது. அந்த மருந்து உட்படையைத் தடிப்பாகக் காட்டும், ஆகவே அவர்களுக்கு இரத்தம் பட்டால் கமராவுக்கு நல்ல நியாயம் இருக்கிறது. மாதவிடாய் இன்னும் வருகிறவர்களுக்கோ உட்படையின் தடிப்பு மாதத்தின் நாளைப் பொறுத்து ஏறி இறங்கும். இரத்தம் நின்ற கையோடு எடுத்த ஸ்கானுக்குத்தான் மதிப்பு. அடுத்த மாதவிடாய்க்கு நாலு நாள் முன்னால் எடுத்துவிட்டு "தடிப்பாம்" என்று பயப்படுவதில் அர்த்தம் இல்லை.

ஸ்கானுக்கும் கமராவுக்கும் நடுவில் ஒரு வழியும் உண்டு. மெல்லிய குழாயால் கொஞ்சம் சேலைனைக் கர்ப்பப்பைக்குள் விட்டுக்கொண்டே யோனி வழி ஸ்கான் எடுப்பார்கள். பொலிப், உட்பக்க நார்க்கட்டி இரண்டையும் இது நன்றாகக் காட்டும். கமரா காட்டாத தசைச்சுவரும் சூலகமும் இதில் கூடவே தெரியும். மயக்க மருந்து வேண்டாம். குறை என்னவென்றால், கண்டதை எடுக்க முடியாது. ஒன்றும் இல்லை என்று வந்தால் லாபம், இருக்கிறது என்று வந்தால் எப்படியும் கமராவுக்குப் போகவேண்டும்.

கழுவல் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் ஊரில் டி அன்ட் சிக்குக் கழுவல் என்றுதான் பெயர், ஆனால் அங்கே கழுவுவது ஒன்றும் இல்லை. மயக்க மருந்து கொடுத்து, கர்ப்பப்பைக் கழுத்தை விரித்து, ஒரு கரண்டியால் உட்படையைச் சுரண்டி எடுக்கிறார்கள். பார்க்காமல் செய்கிற வேலை அது. கிணற்றுக்குள் பாதாளக்கரண்டி விட்டால் கொளுவினது வரும், கொளுவாதது அடியில் கிடக்கும். அதே கதைதான் இங்கும். உட்படையில் பாதிகூடச் சுரண்டப்படாமல் போவது சாதாரணம், அதிலும் காம்பில் தொங்குகிற பொலிப் கரண்டிக்கு வழுக்கி ஒதுங்கிவிடும். ரிப்போர்ட் 'சாதாரணம்' என்று வரும், மூன்று மாதத்தில் இரத்தம் பழையபடி கொட்டும். பிறகு இரண்டாவது கழுவல். திரும்பத் திரும்பச் சுரண்டினால், முக்கியமாகக் கரு கலைந்தபிறகோ பிள்ளைப்பேற்றுக்குப் பிறகோ சுரண்டினால், சுவர்கள் ஒட்டிப்போகும் ஆபத்தும் இருக்கிறது. இன்னும் பிள்ளை வேண்டும் என்கிற பெண்ணுக்கு அது பெரிய நட்டம். இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில், அதிக இரத்தப்போக்கின் காரணத்தைக் கண்டறிய டி அன்ட் சியை மட்டும் தனியாகச் செய்யவேண்டாம் என்றே இருக்கிறது. இரத்தம் நிற்காமல் கொட்டி உயிருக்கு ஆபத்தான நேரத்திலும், கரு கலைந்து துண்டு மிஞ்சிய நேரத்திலும் அதன் தேவை வேறு. நான் சொல்வது 'என்ன இருக்கிறது என்று பார்ப்போம்' என்பதற்காகச் செய்கிற கழுவலை.

துண்டு மட்டும்தான் வேண்டும் என்றால் அதற்குக் கழுவலை விடச் சின்ன வழி இருக்கிறது. பைப்பெல் என்று சுமார் 3 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு பிளாஸ்டிக் குழாய். கிளினிக் கட்டிலிலேயே, மயக்க மருந்து இல்லாமல், சில நிமிடத்தில் உட்படைத் துணுக்கை உறிஞ்சி எடுத்துவிடலாம். உட்படை முழுக்கப் பரவியிருக்கும் புற்றுநோயைப் பிடிப்பதில் இது கெட்டி. ஆனால் இதுவும் பார்க்காமல் எடுப்பதுதான். ஒரு மூலையில் இருக்கும் பொலிப் இதற்கும் தப்பும். ஸ்கானில் உட்படை ஒரே சீராகத் தடித்திருக்கிறது என்றால் பைப்பெல், ஒரு இடத்தில் மட்டும் எதுவோ நீட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் கமரா. நான் யாருக்காவது சொல்வதென்றால் இப்படித்தான் சொல்வேன்.

எல்லோருக்கும் இவ்வளவும் தேவை என்றும் இல்லை. நாற்பதுக்குள் இருக்கிற, மாதவிடாய் ஒழுங்காக ஆனால் அதிகமாக வருகிற, இடையில் இரத்தம் படாத ஒருவருக்கு முதலில் இரத்தம் சோதித்து, இரும்புச்சத்துக் குறைவைக் கவனித்து, குளிசையிலோ ஹோர்மோன் லூப்பிலோ தொடங்கலாம். 45 தாண்டியவர், மாதவிடாய்க்கு இடையில் இரத்தம் படுகிறவர், மருந்துக்குக் கேட்காதவர், நீரிழிவும் அதிக எடையும் உள்ளவர் என்றால் உள்ளே பார்க்காமல் மாதக்கணக்கில் குளிசையை மாற்றி மாற்றிக் கொடுப்பது சரியல்ல. வயல் வேலைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போகிற பெண்கள் களைப்பை "இரத்தம் குறைவு, பீற்றூட் சாப்பிடு" என்று தள்ளிப்போடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். இரத்தம் ஏன் குறைகிறது என்று கேட்கவேண்டாமா?

பிள்ளைக்காகக் காத்திருப்பவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு முதல் கேள்வி பெரும்பாலும் குழாய் அடைபட்டிருக்கிறதா என்பது. அதற்குக் கமரா பதில் சொல்லாது. சாயம் விட்டு எக்ஸ்ரே எடுப்பதோ, வயிற்றில் சிறு துளையிட்டு லப்ரஸ்கோபி செய்து சாயம் விட்டுப் பார்ப்பதோதான் சொல்லும். எக்ஸ்ரேயில் கர்ப்பப்பைக்குள் ஒரு நிழல் தெரிந்தால் அது பொலிப்பாகவும் இருக்கலாம், வெறும் காற்றுக்குமிழாகவும் இருக்கலாம், அதைத் தீர்க்கத்தான் கமரா. பல தடவை கரு கலைந்தவர்களுக்கு நடுத்தடுப்பு இருக்கிறதா என்று பார்க்கவும் பயன்படும். ஆனால் ஸ்கானில் கர்ப்பப்பை நன்றாக இருக்கும்போது, சோதனைக்குழாய் முறைக்கு முன்னால் 'எதற்கும் ஒருக்கா' என்று செய்கிற கமராவால் பெரிய பிரயோசனம் இல்லை. 2016இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. இரண்டிலும் அப்படிச் செய்தவர்களுக்குப் பிள்ளை பிறக்கும் வாய்ப்புக் கூடவில்லை. தனியார் இடத்தில் பொதியோடு பொதியாக இதையும் சேர்த்துக் கட்டச் சொன்னால், "என்னுடைய ஸ்கானில் எதைக் கண்டு கேட்கிறீர்கள்?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

சரி, கமராதான் என்று முடிவாகிவிட்டது. அடுத்த கேள்வி விழித்திருந்தா, மயங்கியா? இதைத்தான் நான் அதிகம் பேசவேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி பெண்களிடம் பல நேரம் கேட்கப்படுவதே இல்லை.

விழித்திருந்து செய்தால் பட்டினி இருக்கத் தேவையில்லை, வார்ட்டில் படுக்கவும் தேவையில்லை, அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். யோனியை விரிக்கும் கருவியும் கழுத்தைப் பிடிக்கும் கொளுவியும் இல்லாமல், குழாயையும் தண்ணீரையும் மட்டும் வைத்துச் செய்கிற முறையும் இருக்கிறது. அதில் நோவு குறைவு. ஒரு மணித்தியாலத்துக்கு முன்னால் ஐபுப்ரோஃபென் அல்லது மெஃபெனமிக் அமிலம் போன்ற குளிசை எடுக்கச் சொல்வார்கள். குடற்புண், சிறுநீரகப் பிரச்சினை, முட்டு உள்ளவர்கள் அதை முதலே சொல்லவேண்டும். உள்ளே தண்ணீர் விரியும்போது மாதவிடாய் வலி போல அடிவயிறு இறுக்கும். சேலைன் காலிடுக்கால் வடியும், அது இரத்தமோ என்று பயப்படவேண்டாம். சிலருக்குத் தலை சுற்றி வேர்க்கும்.

"ஒண்டும் நோகாது" என்று சொல்கிறவர்களை நம்பவேண்டாம், "உயிர் போகும்" என்பவர்களையும் நம்பவேண்டாம். பலர் தாங்கிக்கொள்கிறார்கள், கொஞ்சப் பேருக்குக் கடுமையாக நோகிறது. சுகப்பிரசவம் ஒன்றும் இல்லாதவர்கள், சிசேரியன் மட்டும் நடந்தவர்கள், மாதவிடாய் நின்று கர்ப்பப்பைக் கழுத்துச் சுருங்கியவர்கள், மாதவிடாய் வலியால் துடிக்கிறவர்கள், கழுத்தில் முன்பு சிகிச்சை எடுத்தவர்கள் ஆகியோருக்கு வலி கூடுதலாக இருக்கலாம். நடுவில் முடியவில்லை என்றால் "நிப்பாட்டுங்கோ டொக்டர்" என்று சொல்லலாம். நிறுத்துவார்கள், நிறுத்தவேண்டும். பிறகு மயக்க மருந்தோடு வேறொரு நாள் செய்யலாம். வாழ்க்கையில் முன்பு வன்முறையையோ, உடலை யாரோ வலுக்கட்டாயமாகத் தொட்டதையோ கடந்துவந்த பெண்ணுக்கு இந்தக் கட்டிலில் கால் விரித்துக் கிடப்பதே தாங்க முடியாததாக இருக்கும். எங்கள் மண்ணில் அப்படியானவர்கள் இல்லை என்று சொல்ல முடியுமா? அவர் காரணத்தை விபரமாகச் சொல்லத் தேவையில்லை. "எனக்கு மயக்கித்தான் செய்யவேணும்" என்ற ஒரு வசனம் போதும்.

மயக்க மருந்து என்றால் அதற்கு முந்திய 6 மணித்தியாலம் சாப்பாடு இல்லை, தெளிந்த தண்ணீர் 2 மணித்தியாலத்துக்கு முன்வரை. கூட ஆள் வரவேண்டும், அன்று மோட்டார் சைக்கிள் ஓடக்கூடாது. பட்டியலில் பெயர் வர நாள் எடுக்கும், அவசரச் சிசேரியன் வந்தால் உங்கள் முறை தள்ளிப்போகும். இதற்குப் பதிலாக வலி தெரியாது, பெரிய பொலிப்பையோ நார்க்கட்டியையோ அதே மயக்கத்தில் எடுத்துவிடலாம். கர்ப்பப்பையில் துளை விழுவது போன்ற பாரதூரமான சிக்கல், வெறும் பார்வைக்காகச் செய்யும்போது ஆயிரத்தில் ஒன்று இரண்டு என்ற அளவில்தான்.

இனி எங்கே போவது என்பது. கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் எங்களுக்கு முதல் வாசல். மல்லாவி, புதுக்குடியிருப்பு, மாங்குளம், செட்டிகுளம் ஆதார வைத்தியசாலைகளில் இருந்தும் அங்கே போகச் சொல்லித்தான் கடிதம் தருவார்கள். கிளிநொச்சியில் 2024இல் நெதர்லாந்து உதவியோடு பெண்களுக்கான பெரிய சிகிச்சை நிலையமும் திறக்கப்பட்டது. அங்காலே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, கிளிநொச்சியில் இருந்து 65 கிலோமீட்டர் அளவில். வவுனியாக்காரருக்கு அனுராதபுரம் கிட்ட. அரச வைத்தியசாலையில் காசு கட்டத் தேவையில்லை. தனியாரில் வி.ஓ.ஜி. என்கிற பெண்நோய் நிபுணரைச் சனல் பண்ணினால் திகதி கெதியாகக் கிடைக்கலாம், ஆனால் சொல்கிற தொகையில் தியேட்டர், மயக்க மருந்து டொக்டர், துண்டுப் பரிசோதனை மூன்றும் அடக்கமா என்று கேட்டுவிட்டுத்தான் தலையாட்டவேண்டும்.

ஒட்டுசுட்டானுக்கு அங்கால் இருந்து விடிய முதல் பஸ் பிடித்து வருகிற ஒருவருக்கு ஒரு பயணம் என்றால் ஒரு நாள் கூலி, பிள்ளையைப் பார்க்க ஒரு ஆள், ஆடு மாடு பார்க்க இன்னொரு ஆள். அவரிடம் இன்றைக்குப் பார்ப்போம், பிறகு ஒரு நாள் எடுப்போம் என்பது இரண்டு மடங்கு செலவு. அதனால்தான் பார்த்த கையோடு எடுக்கும் வசதியை நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில் பார்க்க மட்டும் முடியும், தூரத்தில் பார்த்து எடுக்கவும் முடியும் என்றால், ஸ்கானில் பொலிப் தெளிவாகத் தெரிந்தவர் தூரத்துக்கே போகலாம். ஸ்கானில் ஒன்றும் தெளிவில்லை, ஒன்றும் இல்லாமலும் போகலாம் என்றால் கிட்டவே செய்வது நல்லது. திகதி கேட்கும்போது இதையும் மறக்கவேண்டாம்: இரத்தம் நின்ற பிறகு, மாதவிடாய் தொடங்கியதில் இருந்து 12ஆம் நாளுக்குள் வருகிற மாதிரி நாள் அமையவேண்டும். கர்ப்பம் இல்லை என்பது நிச்சயமாக இருக்கவேண்டும். காய்ச்சலும் நாற்றத்தோடு வெள்ளைபடுதலும் இருந்தால் முதலில் அதற்கு மருந்து. போன் இலக்கம் ஒன்றை வாங்கி வைத்து, மாதவிடாய் தள்ளிப்போனால் பஸ் ஏறமுன் அறிவிப்பது நல்லது.

வன்னிக்கென்று இன்னொரு விஷயம். யுத்தத்தில் பட்ட செல் துண்டோடு இருக்கிறவர்கள் இங்கே ஏராளம். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் அவர்கள் கட்டாயம் சொல்லவேண்டும், காந்தத்துக்கு உலோகம் ஆகாது. ஸ்கானுக்கும் சேலைன் விட்டுப் பார்க்கிற கமராவுக்கும் அந்தத் தடை இல்லை. 2009இலோ அதற்கு முன்னரோ காயப்பட்டு வயிறு திறந்து ஒப்பரேஷன் நடந்தவர்களுக்கு உள்ளே குடல் ஒட்டியிருக்கலாம், அவர்களுக்கு லப்ரஸ்கோபி கூடுதல் ஆபத்து. கமரா வயிற்றுக்குள் போகாதபடியால் அந்தப் பயம் இதில் இல்லை. தழும்பையும் பழைய டயக்னோஸிஸ் காட்டையும் கிளினிக் கொப்பியோடு சேர்த்துக் காட்டுங்கள்.

கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், பெரிய நார்க்கட்டி, புற்றுநோய், எந்த மருந்துக்கும் கேட்காத இரத்தப்போக்கு. ஆனால் சில நிமிடத்தில் எடுக்கக்கூடிய ஒரு பொலிப்புக்காகக் கர்ப்பப்பையையே இழந்து, ஆறு கிழமை பாரம் தூக்காமல் இருப்பது எதற்கு? எடுக்கச் சொல்லிக் கடிதம் தந்தாலும், உள்ளே பார்த்தாயிற்றா, உட்படைத் துண்டின் ரிப்போர்ட் என்ன என்று கேட்டபிறகே கையெழுத்து. அந்தப் படிவம் தெரியாத மொழியில் இருந்தால், தமிழில் விளங்கப்படுத்தும்வரை பேனையைத் தொடவேண்டாம்.

கமரா முடிந்து வீட்டுக்கு வந்தபின் ஒரு நாள் இரண்டு நாள் அடிவயிற்று வலி, ஒரு கிழமை வரை கொஞ்ச இரத்தம், இவை வழமை. பனடோல் போதும். இரத்தம் நிற்கும்வரை குளத்திலும் கடலிலும் இறங்காமல், உறவையும் தவிர்க்கவேண்டும். காய்ச்சல், நாற்றம், கூடிக்கொண்டே போகும் வலி, துணி துணியாக இரத்தம் என்றால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். துண்டு எடுத்திருந்தால் ரிப்போர்ட் வரச் சில கிழமை பிடிக்கும். "ஆஸ்பத்திரியால் அறிவிப்பினம்" என்று வீட்டில் இருக்காமல், எந்தத் திகதிக்கு, எந்த அறையில், யாரிடம் வாங்குவது என்பதைக் கொப்பியில் எழுதுவித்து வாருங்கள். போகமுடியாவிட்டால் உங்கள் பகுதி மிட்வைஃபிடம் சொல்லி விசாரிக்கலாம். வாங்கியதும் ஒரு போட்டோக்கொப்பி எடுத்து வீட்டில் வையுங்கள், அடுத்த டொக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.